மாசம் ரெண்டாயிரமா, வரிச் சலுகையா, அட்டையே வேண்டாமா?

தமிழ்நாட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் என்று ஏதோ ஒன்றோடு வளரும் பிள்ளைக்கு என்னென்ன சலுகை உண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். மாதம் 2,000 ரூபாய், நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு, வருமான வரியில் 80டிடி பிரிவுக் கழிவு, ரயில் கட்டணத் தள்ளுபடி, பரீட்சையில் கூடுதல் நேரம், குடும்ப ஓய்வூதியம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு "எது லாபம்" என்று பேச்சு நடக்கும். நான் சில வருடங்களாக மற்ற பெற்றோருக்கு இந்தப் படிவங்களை நிரப்பித் தருகிறேன். அந்தப் பேச்சு தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் என் எண்ணம்.

ஒன்றை எடுத்தால் இன்னொன்று கிடையாது என்கிற நிலை இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. தகுதி இருந்தால் உதவித்தொகையும் வாங்கலாம், காப்பீடும் போடலாம், வரிக் கழிவும் கேட்கலாம். நிஜமாகவே தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் சிலதான். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இப்போதா, பொறுத்தா? ஊனச் சான்றிதழில் எந்தத் தலைப்பு, அதாவது எந்தக் குறைபாட்டின் பெயர்? மதிப்பீட்டு அறையில் எப்படிப் பதில் சொல்வது? வரியில் பழைய முறையா, புதிய முறையா? பதினெட்டு வயதானதும் பாதுகாவலர் ஆணை வாங்குவதா, வேண்டாமா? இவற்றில் தலைப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரூபாய்க் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இப்போதே அட்டையா, பொறுத்துப் பார்ப்பதா

"மூணு வயசுதானே ஆகுது, அவங்க அப்பாவே லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லாத வீடு கிடையாது. அதோடு இன்னொரு பயமும் உண்டு. ஒருமுறை சர்டிபிகேட் வாங்கிவிட்டால் அது பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் என்று எங்கே போனாலும் கூடவே வரும் என்கிற பயம்.

ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் 2018-இல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் படித்தால் இந்தப் பயத்தில் பாதி குறையும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுதவே மாட்டார்கள். ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று குறித்துத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அது அதிகபட்சம் மூன்று வருடம் அல்லது ஐந்து வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். பிறகு 5, 10, 18 வயதுகளில் மறுபடி மதிப்பீடு. பதினெட்டில் தருவதுதான் ஆயுள் முழுக்கச் செல்லும். பிள்ளை தேறிவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். அட்டை இருக்கிறது என்பதற்காக அதை எல்லா இடத்திலும் நீட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

பொறுத்திருப்பதில் என்ன நஷ்டம்? நிராமயாவில் சேர முடியாது, 80டிடி கேட்க முடியாது, தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு ஊனமுள்ள குழந்தை என்ற வகையில் விண்ணப்பிக்க முடியாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த இடங்களுக்கு ஊனமுள்ள பிள்ளைகளும் தகுதி பெறுகிறார்கள். அந்தச் சேர்க்கை நடப்பது எல்கேஜியில். நாலு வயதில் கையில் சான்றிதழ் இல்லையென்றால் அந்த வாசல் போனது போனதுதான்.

ஆகவே என் பரிந்துரை: டாக்டர் எழுத்தில் ஒரு நோயறிதல் கொடுத்துவிட்டார் என்றால் வயது பார்க்காமல் யூடிஐடி இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து சான்றிதழே அந்தத் தளத்தின் வழியாகத்தான். "சந்தேகம் இருக்கு, ஆறு மாசம் தெரபி கொடுத்துப் பாப்போம்" என்று டாக்டரே சொல்லும் பிள்ளைக்கு மட்டும் பொறுக்கலாம். தெரபியை எதற்காகவும் பொறுக்க வைக்காதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் அட்டை கேட்டு உள்ளே விடும் இடமல்ல.

தலைப்பு: ஆட்டிசமா, அறிவுசார் குறைபாடா, இரண்டுமா

சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. வளர்ச்சி, மனம் சார்ந்து நமக்கு வேண்டியவை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், மூளை முடக்குவாதம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்த பல்வகைக் குறைபாடு. கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை ஒரு நிமிடம் உட்காரமாட்டான், வகுப்பே திணறுகிறது, மாத்திரை ஓடுகிறது என்றாலும் ஏடிஹெச்டி என்ற ஒற்றைப் பெயரில் சான்றிதழ் கிடைக்காது. கூடவே கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தால் அதன் பேரில்தான் வாங்க முடியும். இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

பெரிய குழப்பம் ஆட்டிசத்துக்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் நடுவில்தான். இரண்டும் ஒன்றாக இருக்கும் பிள்ளைகள் ஏராளம். "மனவளர்ச்சி குன்றியவன்னு எழுத வேண்டாம் டாக்டர், ஆட்டிசம்னு மட்டும் போடுங்க" என்று கேட்கும் பெற்றோரையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசை புரிகிறது. ஆட்டிசம் என்றால் ஏதோ மேதை மாதிரி ஒரு நினைப்பு, மற்றது என்றால் ஊரார் வாயில் வரும் பழைய வசைச்சொற்கள். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-க்கு இரண்டும் ஒன்றுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் நிராமயா உண்டு, பாதுகாவலர் ஆணை உண்டு. வரியில் இரண்டுக்கும் கழிவு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாட்டுக்கு மட்டும் வரிக்கென்று தனி மருத்துவச் சான்றுப் படிவம் (1961 வருமான வரிச் சட்டத்தில் 10-ஐஏ) வேண்டும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையில்தான் வித்தியாசம் வருகிறது. அந்தத் திட்டம் அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்புகளில் வகுக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் இருந்தால் நேராக அந்த வரிசையில் நிற்கலாம். ஆட்டிசம் என்று மட்டும் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, வாதாடி, எழுத்தில் மனு கொடுத்து நிற்க வேண்டியிருக்கும். ரயில்வேயும் அப்படித்தான். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுடையவருக்கும் கூட வருபவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி. அந்தச் சலுகைப் பட்டியலில் ஆட்டிசம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது.

பணத்துக்காகத் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு இரண்டும் இருந்தால் இரண்டையும் மதிப்பிடச் சொல்லுங்கள், ஒன்றை மறைக்காதீர்கள். அறிவுத்திறன் சோதனையைத் தட்டிக்கழித்துவிட்டு ஆட்டிசம் அளவுகோலோடு மட்டும் வீட்டுக்கு வருபவர்கள் பின்னால் மறு மதிப்பீட்டுக்காக மறுபடி பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள்.

சதவீதம்: மதிப்பீட்டு அறையில் நடப்பது

ஆட்டிசத்துக்கு ஐஸா என்கிற இந்திய அளவுகோல். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது.

அறிவுசார் குறைபாட்டில் அறிவுத்திறன் சோதனையோடு வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் பார்க்கிறார்கள். பிள்ளை தானாக என்னென்ன செய்கிறான் என்று அம்மாவிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு சமூக வயது வரும். அதை நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் மதிப்பெண். 2018 வழிகாட்டுதலின் அட்டவணைப்படி 70 முதல் 84 வரை 25 சதவீதம், 55 முதல் 69 வரை 50, 36 முதல் 54 வரை 75, 21 முதல் 35 வரை 90, 20-ம் அதற்குக் கீழும் 100. வழிகாட்டுதல்கள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருக்கின்றன. உங்கள் மருத்துவமனையில் எதை வைத்துப் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து வயதுப் பையனுக்குச் சமூக வயது ஆறு என்று வந்தால் மதிப்பெண் 60, சதவீதம் 50. ஐந்து என்று வந்தால் மதிப்பெண் 50, சதவீதம் 75. ஏழரை என்று வந்தால் 25 சதவீதம்தான். 40-ஐத் தொடவில்லை, பெரும்பாலான சலுகைகள் கிடையாது. நாலைந்து கேள்விகளுக்கு அம்மா சொல்லும் பதிலில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்றால், சைக்காலஜிஸ்ட் கேட்பார்: "சட்டைப் பட்டன் அவனே போட்டுப்பானாம்மா?" அம்மா சட்டென்று, "போடுவான் சார், எல்லாம் பண்ணுவான்." வீட்டில் நடப்பது வேறு. கீழ்ப் பட்டன் நாலையும் அம்மா போட்டுவிட்டு, மேல் பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுத்தால் அவன் இழுத்துவிடுவான். "தனியாக் குளிப்பானா?" "குளிப்பான் சார்." வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டு, "கழுத்துக்குப் பின்னாடி ஊத்து" என்று கதவருகே நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் குளிப்பான். "கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வருவானா?" "பக்கத்துக் கடைக்குப் போவான் சார்." கடைக்கார அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லி, பத்து ரூபாயைக் கையில் திணித்து, வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் போவான்.

அந்த அம்மா சொல்வது பொய்யல்ல. பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேள்வியின் பொருள் வேறு. சொல்லாமல், தொடாமல், பக்கத்தில் நிற்காமல் செய்கிறானா என்பதுதான் கேள்வி. இல்லாததைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், நல்ல நாளை மட்டும் எடுத்துச் சொல்லவும் வேண்டாம். முந்தைய வாரமே ஒரு நோட்டில் பல் துலக்குவதிலிருந்து படுப்பது வரை யார் எவ்வளவு கைகொடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். போனில் இரண்டு மூன்று வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. புது இடத்தில் பிள்ளை சில சமயம் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பான். டாக்டர் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான்.

40 சதவீதம்தான் முதல் எல்லைக்கோடு, அடுத்தது 80. 2024 அக்டோபரில் வந்த திருத்த விதிகளின்படி யூடிஐடி அட்டையின் நிறமே இதை ஒட்டித்தான்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். அறிவுசார் குறைபாட்டு அட்டவணையில் 75-க்கு அடுத்து நேராக 90 வருவதைக் கவனித்தீர்களா? அறிவுசார் குறைபாடு மட்டும் மிதமான நிலையில் இருக்கும் பிள்ளைக்கு நீல அட்டை வராது. அதற்காக அலைந்து சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

2,000 ரூபாயும் 80டிடியும்

பராமரிப்பு உதவித்தொகை 1,500-ஆக இருந்து பிறகு 2,000 ஆனது. வருடத்துக்கு 24,000. இதைக் கொடுப்பது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய், அது வேறு விண்ணப்பம், தாலுகா ஆபீஸ் வழியாக. இந்த இரண்டையும் மட்டும் ஒருவரே வாங்க முடியாது. உதவித்தொகை கிடைக்கிற பிள்ளைக்கு மற்றதைத் தேடிப் போக வேண்டாம்.

80டிடி எப்படி? 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 75,000 ரூபாய், 80-ம் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். நிஜமாக எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கணக்குக் கேட்பதில்லை. முப்பது சதவீத வரியில் இருப்பவருக்கு மிச்சம் முறையே 23,400, 39,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆடிட்டர் நண்பர்களும் "பையனுக்காகப் பழைய முறையிலேயே இருங்க" என்று சொல்கிறார்கள்.

போட்டுப் பார்த்துவிடுவோம். வருடச் சம்பளம் 18 லட்சம், பிள்ளைக்கு நீல அட்டை. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி-யில் ஒன்றரை லட்சம், 80டிடி-யில் 1,25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் எல்லாம் போக 12.75 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 2,02,800. புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 மட்டும்தான். ஆனாலும் 2025-26 நிதியாண்டின் அடுக்குகளில் 17.25 லட்சத்துக்கு வரி 1,50,800. அத்தனை கழிவையும் வைத்துக்கொண்டு பழைய முறையில் இருப்பவர் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை என்பதால் அவருக்கு 80டிடி பேச்சே தேவையில்லை.

அதனால் 80டிடி-யை மட்டும் நம்பிப் பழைய முறையில் உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டு வாடகைப் படி பெரிதாக இருந்து, வீட்டுக் கடனும் சேர்ந்து கழிவுகள் ஏழெட்டு லட்சத்தைத் தொடும் குடும்பங்களுக்கு மட்டும் அது கணக்கில் வரும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. படிவம் நிரப்பும்போது பழைய எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

மற்றவை சிறியவை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. தினமும் தெரபிக்குப் போய் வரும் குடும்பத்துக்கு மாசக் கடைசியில் அதுவும் தெரியும்.

நிராமயா, முதல்வர் காப்பீடு, தனியார் பாலிசி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறது, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு அதில் காசு வராது. தனியார் பாலிசியிலும் பெரும்பாலும் அதே கதைதான்.

நிராமயாவின் அருமை அங்கேதான். ஒரு லட்சம் ரூபாய் வரை, மருத்துவப் பரிசோதனை எதுவும் இல்லாமல் சேரலாம், புறநோயாளிச் செலவும் தெரபியும் அதில் வரும். ஒவ்வொரு வகைச் செலவுக்கும் உள் உச்சவரம்பு உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சேர்க்கைக் கட்டணம் 250, மற்றவருக்கு 500. இந்தத் தொகைக்கு வேறெந்தக் காப்பீட்டையும் இதோடு ஒப்பிடவே முடியாது. கூடவே வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற பேச்சில்லை.

நடைமுறையில் இடறும் இடங்கள்: முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் முறை என்பதால் டாக்டர் சீட்டும் அசல் பில்லும் வேண்டும். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவராக இருந்து, அந்தப் பதிவு எண் பில்லில் இருந்தால் திருப்பி அனுப்ப சாக்கு குறையும். வெள்ளைத் தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரும் மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வருடக் கடைசியில் முழிப்பவர்கள் அதிகம். பாலிசி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மார்ச் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் முன்னாலேயே புதுப்பித்துவிடுங்கள்.

மனநோய்க்கும் கற்றல் குறைபாட்டுக்கும் நிராமயா கிடையாது. மனநோய்க்கு வேறு வழி உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. குடும்பப் பாலிசி போடும்போது பிள்ளையின் நோயறிதலை மறைக்காதீர்கள். மறைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த ஒரு காரணத்தைக் காட்டியே பில்லை மறுத்துவிடுவார்கள்.

கற்றல் குறைபாடும் மனநோயும்

இவற்றுக்கு மாதப் பணத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழின் பலன் பரீட்சை ஹாலில்தான் இருக்கிறது. மாநிலப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒருவர். சிபிஎஸ்இ-யிலும் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் உண்டு. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடும் 40 சதவீத வரம்பைத் தொட்டவர்களுக்குத் திறக்கிறது. எழுத்து வராமல் ஒவ்வொரு பரீட்சையிலும் அவமானப்பட்ட பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் 2,000 ரூபாயைவிடப் பெரிது.

எட்டு வயதுக்கு முன் இந்தச் சான்றிதழ் தரமாட்டார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள். எப்போது வாங்குவது? மூன்றாம் வகுப்பிலேயே ஓட வேண்டாம் என்பேன். தமிழ் பேசும் வீட்டிலிருந்து ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வாசிக்கத் திணறினால் அது குறைபாடா, யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்பதே முதல் கேள்வி. இரண்டு வருடம் சிறப்பாசிரியரிடம் படித்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால் ஏழு, எட்டாம் வகுப்பில் வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடுபவர்கள்தான் மருத்துவக் குழுத் தேதிக்கும் பள்ளியின் கடைசித் தேதிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனநோய்ச் சான்றிதழில் என் கருத்து கொஞ்சம் மாறும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு முதல்முறை மனச்சோர்வு வந்து சிகிச்சை நடக்கிறது என்றால் சான்றிதழ் எண்ணம் வேண்டாம். முதலில் சிகிச்சை, தூக்கம், பள்ளிக்குத் திரும்புவது. ஐடியாஸ் என்ற அளவுகோல் தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கையும் நோயின் காலநீளத்தையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறது. சில மாத நோய்க்குப் பெரிய சதவீதம் வராது. நிஜம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ், இருதுருவ நோய் என்று இரண்டு மூன்று வருடமாகத் தொடர்ந்து, படிப்பு நின்றுபோன பிள்ளைக்குத்தான் வாங்க வேண்டும். கல்லூரி இடஒதுக்கீடும் பிறகு அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சதவீதமும் அதன் வழியாகத்தான்.

பதினெட்டுக்குப் பிறகு

பதினெட்டு வயது வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். அதற்குப் பிறகு பாங்கியில் "பையன் மேஜர், அவனே கையெழுத்துப் போடணும்" என்பார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு தலைப்புகளுக்கும் மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், படிவம் ஏ போதும். மனநோய் இந்தச் சட்டத்தில் இல்லை. அங்கே சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும் மனநலச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதி (நோயாளி தன் சார்பில் பெயர் குறித்து வைக்கும் ஒருவர்), சொத்து விஷயத்துக்குக் கோர்ட்டு.

ஆணை எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டாம். ஏடிஎம்மில் பணம் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஏமாற்றினால் "ஏமாத்திட்டான்" என்று வந்து சொல்லத் தெரிந்த ஆட்டிசப் பையனுக்குப் பாதுகாவலர் போடுவது அவன் உரிமையை நாமே எடுத்துக் கொடுப்பது. அவனுக்கு ஒரு கூட்டுக் கணக்கு போதும். சொத்து பெயரில் இருக்கிறது, பணத்தின் மதிப்பு தெரியாது என்ற பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். ஆணை வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியர் என்றால் மேலே சொன்ன எல்லாத் தொகையையும் விடப் பெரியது குடும்ப ஓய்வூதியம்தான். சம்பாதிக்க முடியாத ஊனமுள்ள பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்க வரும். மத்திய அரசில் குறைந்தபட்சமே 9,000 ரூபாயும் அகவிலைப்படியும். தனியார் வேலையில் இருப்பவர்களின் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் உண்டு. ஆனால் ஊழியர் இறந்த பிறகு அம்மாவும் இல்லாமல், அண்ணனோ தங்கையோ பழைய சான்றிதழைத் தேடிக்கொண்டு அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது. மத்திய அரசில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாநில அரசு ஊழியர்கள் பணிப்பதிவேட்டின் குடும்ப விவரப் பக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு நேரே ஊனம் பற்றிய குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது கேட்டால் கோப்பு நகர்வதற்குள் விடைபெறும் விழாவே முடிந்துவிடும். பிள்ளைக்குப் பதினெட்டில் நிரந்தரச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.